சரணமாக ஓடிவந்தோம்: பயத்தோடு செபிப்பதைப் பற்றி

தங்கச்சி, உங்கள் கேள்வியை இரண்டு தரம் வாசித்தேன். மற்றவர்களுக்கும் விளங்கவேண்டும் என்பதால் அதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். முழங்காவில் பக்கம் ஒரு கரையோரக் கிராமம். கணவர் இரவில் தொழிலுக்குக் கடலுக்குப் போகிறவர். போன வருடம் சோளகக் காற்றில் படகு கவிழ்ந்து, விடியும்வரை அதைப் பிடித்துக்கொண்டு கிடந்து தப்பி வந்தார். அன்றிலிருந்து அவர் கடலில் நிற்கும் இரவுகளில் உங்களுக்கு நித்திரை இல்லை, நெஞ்சு படபடக்கிறது. வட்ஸ்அப்பில் ஒரு செபம் வந்திருக்கிறது. ஒன்பது நாள் சொல்லி ஒன்பது பேருக்கு அனுப்பினால் குடும்பத்தை எந்த ஆபத்தும் அண்டாதாம். பக்கத்து வீட்டு அக்கா ஒருவர், "பயப்படுகிறாய் என்றால் உனக்கு விசுவாசம் காணாது" என்று சொல்லியிருக்கிறார். எந்தச் செபத்தைச் சொல்வது, பயப்படுவது பாவமா என்று கேட்டுவிட்டுக் கடைசியில் ஒரேயொரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "முள்ளிவாய்க்காலில் செபம் சொன்ன சனமும் செத்ததுதானே?"

அந்தக் கடைசி வரிதான் உங்கள் உண்மையான கேள்வி என்று எனக்குப் படுகிறது. அதற்கு வருவேன், தட்டிக்கழிக்க மாட்டேன். நான் அடம்பனில் பிறந்து, முப்பது வருடத்துக்கு மேல் ஞாயிறு மறைக்கல்வி படிப்பித்தவள். அந்த வரியை நானும் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறேன். ஆனால் முதலில் பயத்தைப் பற்றிப் பேசுவோம். இன்று இரவுக்கே உங்களுக்கு வேண்டியது அதுதான்.

மாற்கு நற்செய்தி 4ஆம் அதிகாரத்தின் கடைசிப் பகுதியை எடுத்து வாசியுங்கள். கலிலேயக் கடலில் புயல். அலை படகுக்குள் அடிக்கிறது, தண்ணீர் நிரம்புகிறது. அந்தச் சீடர்களில் பேதுரு, அந்திரேயா, யாக்கோபு, யோவான் ஆகியோர் அந்த ஏரியிலேயே வலை போட்டு வளர்ந்தவர்கள். எந்தக் காற்றுக்குப் பயப்பட வேண்டும், எதற்குத் தேவையில்லை என்று அவர்களுக்குத் தெரியும். அவர்களே நடுங்கிப்போனார்கள் என்றால் அது உண்மையான ஆபத்து. இயேசுவோ படகின் பின்பக்கத்தில் தலையணை வைத்துத் தூங்குகிறார். அவர்கள் போய் எழுப்பிச் சொன்னது என்ன? "போதகரே, சாகப்போகிறோமே! உமக்குக் கவலை இல்லையா?"

இதில் புகழ்ச்சி இல்லை, அழகான வார்த்தை இல்லை. கோபம்கூட இருக்கிறது. ஆனாலும் இது செபம். ஆண்டவர் எழுந்தார், காற்றைக் கடிந்தார், கடல் அடங்கியது. "ஏன் அஞ்சுகிறீர்கள்? உங்களுக்கு இன்னும் நம்பிக்கை இல்லையா?" என்று அதற்குப் பிறகுதான் கேட்டார். மாற்கு சொல்லும் ஒழுங்கைக் கவனியுங்கள். பயந்தவர்களைப் படகில் தவிக்க விட்டுவிட்டு அவர் பாடம் எடுக்கவில்லை. நம்பிக்கையைப் பற்றிக் கேட்க முந்தியே கையைக் கொடுத்துவிட்டார். உங்கள் பக்கத்து வீட்டு அக்கா அந்தக் கேள்வியை மட்டும் எடுத்துக்கொண்டு அதற்கு முதல் நடந்ததை விட்டுவிட்டார். அவர் நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார். ஆனால் பயத்தில் இருப்பவரிடம் அப்படிச் சொன்னால் பயத்தோடு குற்ற உணர்வும் சேர்ந்துகொள்ளும், வேறு பலன் வராது.

இன்னொன்றும் சொல்கிறேன். கெத்சமனித் தோட்டத்தில் ஆண்டவரே திகிலும் மனக்கலக்கமும் அடைந்தார் என்றுதான் நற்செய்தி எழுதியிருக்கிறது. "இத்துன்பக் கிண்ணம் என்னைவிட்டு அகலட்டும்" என்று கேட்டார். ஒருதரம் கேட்டுவிட்டு எழும்பிப் போகவில்லை. மூன்று முறை போய் அதையே வேண்டினார் என்று மத்தேயு சொல்கிறார். லூக்கா இன்னும் ஒன்றைச் சேர்க்கிறார்: விண்ணகத்திலிருந்து ஒரு தூதர் தோன்றி அவருக்கு வலுவூட்டினார். அதற்குப் பிறகு பயம் பறந்துபோயிற்று என்றா எழுதியிருக்கிறது? இல்லை. அடுத்த வசனத்திலேதான் அவருடைய வியர்வை பெரும் இரத்தத்துளிகளைப்போல நிலத்தில் விழுந்தது. பலம் வந்த பிறகும் வியர்த்தது. எனவே நெஞ்சு படபடக்கும்போது, "எனக்கு விசுவாசம் இல்லை" என்று முடிவுகட்டாதீர்கள். உங்களுக்கு முதல் அவர் அந்த இடத்தில் இருந்திருக்கிறார்.

திருச்சபை துணிவைக் குறிக்க வைத்திருக்கும் பழைய தமிழ்ச் சொல் திடம். எங்கள் அம்மா ஞானோபதேசம் படித்த காலத்திலிருந்தே அந்தச் சொல்தான். தலையான நற்பண்புகள் நான்கில் அது ஒன்று. பரிசுத்த ஆவியின் ஏழு கொடைகளிலும் ஒன்று. உங்களுக்கு உறுதிப்பூசுதல் தந்தபோது ஆயர் நெற்றியில் தைலம் பூசினாரே, அன்று நீங்கள் பெற்றுக்கொண்டவற்றில் அதுவும் அடங்கும். 13ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த புனித அக்குயினாஸ் தோமாஸ் திடத்தைப் பற்றி எழுதும்போது, பாய்ந்து தாக்குவதைவிடத் தாங்கி நிற்பதுதான் அதன் முதன்மையான செயல் என்கிறார். எங்கள் சனத்துக்கு இதைப் புத்தகம் பார்த்து விளக்கத் தேவையில்லை. கணவன் கடலில் நிற்க, விடியும்வரை பிள்ளைகளைப் பார்த்து, காலையில் அவர்களை வெளிக்கிடுத்திப் பள்ளிக்கூடம் அனுப்புகிறீர்களே, அது திடம். நடுங்கிக்கொண்டு செய்தாலும் திடம்தான்.

சரி, அந்த வட்ஸ்அப் செபம். நீங்கள் அனுப்பிய வார்த்தைகளைப் பார்த்தேன். செபத்தில் பெரிய பிழை இல்லை. கீழே ஒட்டியிருக்கும் வாக்குறுதிதான் பிழை. ஒன்பது நாள் செபிப்பதில் தவறே கிடையாது. ஆண்டவர் விண்ணேற்றம் அடைந்ததிலிருந்து பரிசுத்த ஆவி இறங்கிவந்த நாள்வரை மாதாவும் சீடர்களும் மேல்மாடியில் ஒருமனப்பட்டுச் செபித்ததை நினைத்துத்தான் நாங்கள் நவநாள் செய்கிறோம். ஆனால் இத்தனை தரம் சொன்னால் இது கட்டாயம் நடக்கும், அனுப்பாவிட்டால் கெடுதி வரும் என்றால் அது மந்திரம். திருச்சபையின் மறைக்கல்வி நூல் 2111ஆம் எண்ணில் இதைத் தெளிவாகவே மூடநம்பிக்கை என்கிறது: உள்ளத்தின் நிலையை விட்டுவிட்டு வெளிச்செயல் மட்டுமே பலன் தரும் என்று நினைப்பது. அதை யாருக்கும் அனுப்பவேண்டாம். அழித்துவிடுங்கள். ஒன்றும் ஆகாது, நான் சொல்கிறேன்.

கழுத்தில் போடும் உத்தரியம், தீர்த்தம், மடு மாதா கோவில் மண் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். அவை எங்களுக்குத் தாய்வீட்டுச் சாமான் மாதிரி. அவற்றைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. ஒருதரம் வயலில் அப்பாவைப் புடையன் கடித்தது. அம்மா ஓடிப்போய், சுரூபத்துக்குப் பக்கத்தில் சின்னப் போத்தலில் வைத்திருந்த மடு மண்ணை எடுத்து அப்பாவின் நெற்றியில் பூசினார். பூசின கையோடு பக்கத்து வீட்டாரின் ட்ரக்டரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார். வழி முழுக்க மாதாவைக் கூப்பிட்டார். ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள், அப்பா பிழைத்தார். மாதா காப்பாற்றினாரா, ஊசி காப்பாற்றியதா என்று அம்மாவிடம் யாராவது கேட்டிருந்தால் அந்தக் கேள்வியே அவருக்கு விளங்கியிருக்காது.

இனித் திருப்பாடல் 91. நீங்களும் அதைச் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். "உன்னதரின் பாதுகாப்பில் வாழ்பவர், எல்லாம் வல்லவரின் நிழலில் தங்கியிருப்பவர்" என்று தொடங்கும். இரவின் திகிலுக்கு அஞ்சமாட்டீர், உம் பக்கம் ஆயிரம் பேர் வீழ்ந்தாலும் எதுவும் உம்மை அணுகாது என்றெல்லாம் வரும். பழைய பைபிள்களில் எண் 90 என்று இருக்கும், குழம்பவேண்டாம். பாதுகாப்புக்காகச் சொல்லும் செபங்களில் இதற்கு மேல் ஒன்று இல்லை என்று நானே பிள்ளைகளுக்குப் படிப்பித்திருக்கிறேன்.

ஆனால் அதே பாட்டை நற்செய்தியில் யார் வாயில் கேட்கிறோம் தெரியுமா? சாத்தானின் வாயில். ஆண்டவரைக் கோவிலின் உச்சியில் நிறுத்தி, "கீழே குதியும், உம் கால் கல்லில் மோதாதபடி தூதர்கள் தாங்கிக்கொள்வார்கள் என்று எழுதியிருக்கிறதே" என்கிறான். அவன் எடுத்துக் காட்டியது இந்தப் பாட்டின் 11ஆம், 12ஆம் வசனங்களை. ஆண்டவர் மறுத்தார்: "உன் கடவுளாகிய ஆண்டவரைச் சோதிக்க வேண்டாம்." இதை நான் முதல்தரம் நின்று யோசித்தது இடம்பெயர்ந்த சனத்தை வைத்திருந்த மெனிக் பாம் முகாமில், தறப்பாளுக்குக் கீழே. பாட்டு ஒன்றுதான். அதைக் கடவுளின் கையைப் பிடித்துக்கொண்டும் சொல்லலாம், கடவுளின் கையை முறுக்கவும் சொல்லலாம். அன்றிலிருந்து அந்தப் பாட்டின் 15ஆம் வசனத்தில்தான் நான் நிற்பது. "துன்பத்தில் இருக்கும்போது அவர்களோடு இருப்பேன்." துன்பமே வராது என்று அங்கே இல்லை. துன்பத்தில் இருக்கும்போது.

இனி உங்கள் கடைசி வரிக்கு வருகிறேன்.

நாங்கள் போரால் 2007இன் கடைசியில் வீட்டை விட்டு வெளிக்கிட்டோம். முதலில் தேவன்பிட்டி, பிறகு முழங்காவில், கிளிநொச்சி, தருமபுரம், விசுவமடு, இரணைப்பாலை, மாத்தளன். ஒவ்வொரு இடத்திலும் ஒரு பங்கர் வெட்டினோம். மாத்தளனில் கடற்கரை மணல், தோண்டத் தோண்டச் சரியும். அம்மா தன் கலியாணக் கூறைச்சேலையைக் கிழித்துப் பை தைத்தார். அதில் மண் நிரப்பி வாசலில் அடுக்கினோம். சிவப்பும் சரிகையுமாக மண்மூட்டை. செபமாலை விசுவமடுவில் விடுபட்டுப்போனது, அதனால் அம்மா விரலில் எண்ணித்தான் சொல்வார். செல் கிட்ட விழுந்தால் எண்ணிக்கை தப்பிவிடும். "எத்தினையாவது பிள்ளை?" என்று கேட்பார். எங்களுக்கும் தெரியாது. "சரி, முதலிலயிருந்து சொல்லுவம்" என்று பத்து அருள் நிறைந்த மந்திரத்தையும் திரும்பத் தொடங்குவார். எண்ணிக்கை தப்பினால் அப்படித் திரும்பச் சொல்லத் தேவையில்லை என்று மறையாசிரியரான எனக்குத் தெரியும். அம்மாவுக்குச் சொல்லவில்லை. சில இரவுகளில் செபமாலையின் ஒரு பத்து முடியவே விடிந்துவிடும்.

2009 ஏப்ரல் மாதம் வலைஞர்மடத்தில் தம்பி தண்ணீர் எடுக்கப் போன இடத்தில் செத்துப்போனான். பத்தொன்பது வயது. அவனுக்காகச் சொல்லாத செபமா? பகலில் 91ஆம் பாட்டு, இரவில் செபமாலை, கழுத்தில் உத்தரியம். அம்மாவின் செபம் தம்பியின் உயிரைக் காக்கவில்லை. இதை நான் வேறுவிதமாகத் திருப்பிச் சொல்லமாட்டேன், தங்கச்சி. "ஆண்டவருக்கு அவனில் விருப்பம், கூப்பிட்டுக்கொண்டார்" என்று ஆறுதல் சொல்ல வந்தவர்கள் இருந்தார்கள். நான் பதில் சொல்லவில்லை. "செபத்தில் குறை இருந்திருக்கும்" என்று பிற்காலத்தில் ஒருவர் சொன்னார். அவருக்குப் பதில் சொன்னேன். லூக்கா 13ஆம் அதிகாரத்தில் சீலோவாம் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் இறந்ததை ஆண்டவரே எடுத்துப் பேசுகிறார். அவர்கள் மற்ற எருசலேம்வாசிகளைவிடப் பெரிய குற்றவாளிகள் என்றா நினைக்கிறீர்கள், இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்கிறார். செத்தவர்களின் செபத்தில் குறை தேடுகிறவர்கள் அந்த இடத்தை வாசிக்கவேண்டும்.

அவனை ஒரு போர்வையில் சுற்றிக் கடற்கரையில் புதைத்தோம். அன்று பின்னேரம் பங்கருக்குள் ஒருவரும் பேசவில்லை. இருட்டினபிறகு அம்மா தொடங்கினார். துக்க தேவ இரகசியங்கள், முதலாவது: இயேசு பூங்காவனத்தில் இரத்த வியர்வை சிந்தியதைத் தியானிப்போமாக. அந்த முதலாவதைத் தாண்ட அவரால் முடியவில்லை. பத்து முடிந்ததும் திரும்ப அதே இரகசியத்தைத்தான் சொன்னார். பிறகு திரும்பவும் அதையே. ஐந்து பத்தும் பூங்காவனத்திலேயே முடிந்தது. அவர் அன்றைக்கு எதையும் கேட்கவில்லை என்று நினைக்கிறேன். ஆண்டவர் வியர்த்துக்கொண்டிருந்த இடத்தில் அவரும் போய் இருந்தார், அவ்வளவுதான். அடுத்த நாள் எழும்பி மிச்சம் இருந்த எங்கள் மூன்று பேருக்கும் கஞ்சி வைத்தார்.

அந்தக் கஞ்சியை எனக்கு விளக்கத் தெரியாது. ஆனால் திடம் என்ற சொல்லை எங்கே கேட்டாலும் எனக்கு ஞாபகம் வருவது அதுதான்.

எங்கள் மண்ணின் விசுவாசக் கதை தொடக்கத்திலேயே இப்படித்தான். 1544இல் மன்னாரில் ஏறத்தாழ 600 பேரை யாழ்ப்பாணத்தை ஆண்ட சங்கிலி மன்னனின் ஆட்கள் வெட்டினார்கள். புதிதாகத் திருமுழுக்குப் பெற்ற சனம். அவர்களும் செபித்திருப்பார்கள், வாள் நிற்கவில்லை. திருச்சபை அவர்களைக் கைவிடப்பட்டவர்கள் என்று சொல்லவில்லை, மறைசாட்சிகள் என்று சொல்கிறது. தோட்டவெளியில் அவர்களின் நினைவுக்கு இன்றும் சனம் கூடுகிறது.

பிறகு 1658இல் ஒல்லாந்தர் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் பிடித்தார்கள். கத்தோலிக்க வழிபாடு தடை. 1670இல் மாந்தையிலிருந்து சில குடும்பங்கள் மாதாவின் சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் ஓடி மருதமடுவில் தங்கின. மடுத் திருத்தலம் அப்படி வந்தது. இதை நாங்கள் எல்லோரும் சின்னப் பிள்ளையிலிருந்து கேட்டிருக்கிறோம். ஆனால் இடம்பெயர்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது: மடு மாதா ஒரு அகதி. சுவாமிமாரே இல்லாத அந்தக் காலத்தில், 1687இல், கோவாவிலிருந்து புனித யோசேப் வாஸ் கூலியாள் வேடத்தில் யாழ்ப்பாணம் வந்தார். கழுத்தில் செபமாலையைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டார். அந்த மாலையைக் கண்டதும் யாருடைய முகம் மாறுகிறது என்று பார்த்து மறைந்திருந்த விசுவாசிகளைக் கண்டுபிடித்தாராம். பாதுகாப்புக்காக ஒளித்து வைக்கவேண்டிய பொருளை அவர் கழுத்தில் வெளியே போட்டுக்கொண்டு நடந்தார். பயமில்லாமலா நடந்திருப்பார்?

1999 நவம்பரில் மடுக் கோவிலுக்குள்ளேயே செல் விழுந்து, அடைக்கலம் தேடி வந்திருந்தவர்களில் நாற்பது பேரளவில் செத்தார்கள். மாதாவின் காலடியில். 2008 ஏப்ரலில் சண்டை நெருங்கியபோது சுவாமிமார் சுரூபத்தை எடுத்துக்கொண்டு தேவன்பிட்டிச் சவேரியார் கோவிலுக்குக் கொண்டுவந்தார்கள். உங்கள் ஊருக்குக் கிட்டத்தான். 338 வருடத்துக்குப் பிறகு மாதா திரும்பவும் இடம்பெயர்ந்தார். அந்த நேரம் நாங்களும் தேவன்பிட்டியில் ஒரு மரத்துக்குக் கீழே கிடந்தோம். அம்மா போய்ச் சுரூபத்தைப் பார்த்துவிட்டு வந்து சொன்னார்: "அவவும் எங்களோட வந்திட்டா பிள்ளை." ஓகஸ்டில் சுரூபம் மடுவுக்குத் திரும்பியது. எங்களுக்குத் திரும்பக் கூடுதல் காலம் எடுத்தது. 2015 ஜனவரி 14ஆம் திகதி பாப்பரசர் பிரான்சிஸ் மடுவுக்கு வந்தபோது அம்மா உயிரோடு இருந்தார். வெயிலில் நின்று பார்த்தார்.

ஆகவே உங்கள் வரிக்கு என் பதில்: ஓம், செபம் சொன்ன சனமும் செத்தது. சொல்லாத சனமும் தப்பியது. யார் பிழைப்பார், யார் சாவார் என்று தீர்க்கிற சாவியாகச் செபத்தை ஆண்டவர் எங்கள் கையில் தரவில்லை. உரோமையர் 8ஆம் அதிகாரத்தில் பவுல் கேட்கிறார்: "கிறிஸ்துவின் அன்பிலிருந்து நம்மைப் பிரிக்கக்கூடியது எது? வேதனையா? நெருக்கடியா? இன்னலா? பட்டினியா? ஆடையின்மையா? இடரா? சாவா?" அந்தப் பட்டியலை வாசிக்கும்போது எனக்கு 2009 தான் தெரிகிறது, ஒன்றுகூட விடுபடவில்லை. இவை ஒன்றும் வராது என்று பவுல் சொல்லவில்லை. இவற்றால் பிரிக்க முடியாது என்கிறார். தம்பி எங்களுக்கு இல்லாமல் போனான். ஆண்டவருக்கு இல்லாமல் போகவில்லை. இதை நான் ஆறுதலுக்காகச் சொல்லவில்லை, விசுவசிக்கிறேன்.

அப்படியென்றால் உடல் பாதுகாப்புக்காகக் கேட்கவே கூடாதா? கேட்கவேண்டும், வெட்கப்படாமல் கேட்கவேண்டும். பூசையில் கர்த்தர் கற்பித்த செபம் முடிந்ததும் சுவாமி தொடர்ந்து சொல்கிறாரே, எல்லாத் தீமைகளிலிருந்தும் எங்களை விடுவித்தருளும் என்று. உங்கள் கணவர் அந்த இரவு தப்பி வந்ததற்கு நீங்கள் நன்றிப் பூசை கொடுத்ததும் சரியே. ஒருவர் தப்பியதற்கு நன்றி சொல்வதால் தப்பாதவரைக் கடவுள் மறந்தார் என்று ஆகாது.

இப்போது எதைச் சொல்வது என்ற கேள்வி. இருக்கிற செபங்களே போதும், புதிதாகத் தேடவேண்டாம்.

நீங்கள் பிள்ளையாகப் படித்த முதல் செபமே பாதுகாப்புச் செபம்தான். "அர்ச்சிஷ்ட சிலுவை அடையாளத்தினாலே, எங்கள் சத்துருக்களிடமிருந்து எங்களை இரட்சித்தருளும் எங்கள் சர்வேசுரா." பெருவிரலால் நெற்றியில், வாயில், நெஞ்சில். இப்போது பல வீடுகளில் சுருக்கமான சிலுவை அடையாளம் மட்டும் போட்டுவிட்டு இதை விட்டுவிட்டார்கள். எனக்கு அது கவலை. நினைவுக்கு, வாய்க்கு, மனதுக்கு என்று மூன்றுக்கும் காவல் கேட்கும் செபம் இது. பயம் வருவதும் இந்த மூன்று வழியால்தான். இரவு கண் விழித்துப் படபடக்கும்போது மெதுவாக மூன்று சிலுவையும் போடுங்கள். மூச்சும் அதோடு கொஞ்சம் அடங்கும்.

அடுத்தது, தலைப்பில் நான் எழுதிய செபம். "சர்வேசுரனுடைய அர்ச்சிஷ்ட மாதாவே, இதோ உம்முடைய சரணமாக ஓடிவந்தோம். எங்கள் அவசரங்களிலே நாங்கள் வேண்டிக்கொள்ளுவதற்கு நீர் பாராமுகமாயிராதேயும்." மாதாவை நோக்கிச் சொல்லும் செபங்களில் மிகப் பழையவற்றுள் இது ஒன்று. எகிப்தில் கிடைத்த ஒரு கிழிந்த பப்பிரஸ் துண்டில் கிரேக்கத்தில் எழுதியிருக்கிறது. "மிகவும் இரக்கமுள்ள தாயே" என்று தொடங்கும் செபமும் இதன் தங்கை மாதிரி, அதிலும் அடைக்கலமாக ஓடி வருவதுதான். தமிழில் இந்தச் செபங்களுக்கு யார் ஓடி என்ற சொல்லைப் போட்டாரோ, அவருக்கு எங்கள் சனத்தைத் தெரிந்திருக்கவேண்டும் என்று சில நேரம் நினைப்பேன். ஓடுகிறவருக்குப் பயம் இருக்கும். மூச்சிரைக்கும். பொட்டலம் விழும். அப்படியே வரலாம் என்று செபமே சொல்கிறது.

மிக்கேல் அதிதூதரின் செபம், காவல் சம்மனசின் செபம் இரண்டும் உங்களுக்குத் தெரியும். பிள்ளைகளோடு சொல்லக் காவல் சம்மனசின் செபம்தான் சுலபம்.

துணிவுக்கு என்று கேட்டால், அப்போஸ்தலர் பணி 4ஆம் அதிகாரத்தை எடுங்கள். பேதுருவையும் யோவானையும் தலைமைச் சங்கத்தார் மிரட்டி விட்டுவிடுகிறார்கள். அவர்கள் வந்து சொன்னதும் சபை முழுவதும் செபிக்கிறது. மிரட்டுகிறவர்களை இல்லாமல் ஆக்கும் என்று கேட்டிருக்கலாம். ஆனால் "அவர்கள் அச்சுறுத்துவதைக் கவனியும்" என்று ஆண்டவரிடம் காட்டிவிட்டு, தங்கள் வேலையை முழுத் துணிவுடன் செய்ய அருள் கேட்டார்கள். இந்த அமைப்பை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்: முதலில் பயத்தைப் பெயர் சொல்லி ஆண்டவருக்குக் காட்டுவது, பிறகு நாளைக்குச் செய்யவேண்டியதற்குப் பலம் கேட்பது. "ஆண்டவரே, காற்று மாறுகிறது, அவர் இன்னும் வரவில்லை, எனக்குப் பயமாக இருக்கிறது. விடிந்ததும் பிள்ளைகளைப் பார்க்க எனக்குத் திடம் தாரும்." இது போதும்.

இதற்கு எடுத்துக்காட்டு உங்கள் ஊருக்கு எதிரிலேயே இருக்கிறது. இரணைதீவுச் சனம் 1992இல் தீவை விட்டு வந்தது. 2017இல் மண்ணைத் திரும்பக் கேட்டுப் போராட்டத்தைத் தொடங்கி ஏறத்தாழ ஒரு வருடம் இருந்தார்கள். முன்னுக்கு இருந்தவர்கள் கூடுதலாகப் பெண்கள். 2018 ஏப்ரல் 23ஆம் திகதி படகுகளில் வெள்ளைக்கொடி கட்டிக்கொண்டு தாங்களே தீவுக்குப் போனார்கள். இறங்கினதும் போய்ச் சேர்ந்தது பழைய கோவிலுக்கு. உங்கள் மாமி முறையான யாராவது அந்தப் படகுகளில் இருந்திருப்பார்கள். அவர்களிடம் கேட்டுப்பாருங்கள், அன்றைக்குப் பயமில்லையா என்று.

இரண்டு காரியம் செபத்துக்கு வெளியே. கணவர் லைஃப் ஜாக்கெட் இல்லாமல் போகிறார் என்று ஒரு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள், "மாதா இருக்கிறா" என்று சொல்வாராம். அவருக்குக் கோவில் உச்சியில் நடந்ததைச் சொல்லுங்கள். மாதாவில் உள்ள நம்பிக்கையால் ஜாக்கெட்டை வீட்டில் விட்டுப் போவது ஆண்டவரைச் சோதிப்பது. காலநிலை அறிவிப்பைக் கேட்பதும், போனைத் தண்ணீர் படாமல் கட்டிக்கொண்டு போவதும் விசுவாசக் குறைவு இல்லை. நேர்த்தியாக ஏதாவது வைக்க விரும்பினால், மெழுகுதிரிக் காசில் ஒரு ஜாக்கெட் வாங்கிச் சுவாமியிடம் கொடுத்து ஆசீர்வதித்து எடுங்கள். சுவாமி சந்தோஷப்படுவார்.

மற்றது நித்திரை. ஒரு வருடமாக நித்திரை இல்லை, படபடப்பு என்றால் ஆஸ்பத்திரியில் காட்டவேண்டும். உளவளத்துணை செய்கிறவர்கள் இருக்கிறார்கள், சகோதரிமாரிலும் சிலர் அதைப் படித்திருக்கிறார்கள். மருத்துவரை மதித்து நட, ஆண்டவரே அவரைப் படைத்தார் என்று சீராக் 38ஆம் அதிகாரம் சொல்கிறது. 2009க்குப் பிறகு நானும் போனேன். மாத்திரையும் எடுத்தேன், செபமாலையும் சொன்னேன். ஒன்று மற்றதைக் குறைக்கவில்லை. இதை வெளியே சொல்ல எங்கள் சனம் வெட்கப்படுகிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

உங்கள் மூத்த மகள் இரவில், "அப்பா வருவாரா?" என்று கேட்கிறாள் என்றும் எழுதியிருந்தீர்கள். ஆறு வயதுப் பிள்ளையிடம் கட்டாயம் வருவார் என்று ஆண்டவரின் பெயரில் வாக்குக் கொடுக்கவேண்டாம். அப்பா கவனமாகத்தான் போயிருக்கிறார், ஆண்டவரும் அவரோடு படகில் இருக்கிறார் என்று சொல்லலாம், இரண்டும் உண்மை. பிறகு அவளையே செபம் சொல்ல விடுங்கள். அவர் பின்னேரம் வெளிக்கிடும்போது கரைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். அவர் குனியட்டும். அவள் தன் சின்னப் பெருவிரலால் அப்பாவின் நெற்றியிலும் வாயிலும் நெஞ்சிலும் சிலுவை போடட்டும். வார்த்தை பிழைத்தால் திருத்தவேண்டாம்.